துணியிலிருந்து தறிக்கு: சார்புகளின் சேர்க்கையும் அதன் நிரூபணங்களும்

ஜக்கார்டு தறியில் ஓடிக்கொண்டிருக்கும் பட்டுச் சேலை. உடலில் வரிசையாகப் புட்டாக்கள். ஒரு புட்டாவின் இதழில் எழ வேண்டிய இழை எழாமல், அங்கே கோடு விட்டுப்போயிருக்கிறது. அனுபவம் உள்ள நெசவாளர் இதைக் கண்டதும் தறியின் மேலே ஏறிப் பார்ப்பதில்லை. முதலில் துணியைப் படிக்கிறார். குறை இந்த ஒரு புட்டாவில் மட்டுமா, அகலவாட்டில் நிற்கும் எல்லாப் புட்டாக்களிலும் அதே இடத்திலா? ஒன்றில் மட்டும் என்றால் அந்த இழையிலோ அதைத் தாங்கும் கயிற்றிலோ கோளாறு. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் என்றால் கொக்கி. எல்லாவற்றிலும், ஆனால் ஒரே ஓர் ஊடையில் மட்டும் வந்து, மேலே அடுத்த வரிசைப் புட்டாவிலும் அதே ஊடையில் திரும்ப வந்தால் அட்டையில் துளை தவறியிருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியிலும் அதைச் சுற்றியுள்ள சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற நெசவு ஊர்களிலும் இது அன்றாட வேலை. அதே ஊர்களின் பள்ளிகளில், பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் ‘உறவுகளும் சார்புகளும்’. அதில் சார்புகளின் சேர்க்கை என்றொரு பகுதி உண்டு. தறிக்கடியில் உட்கார்ந்து அட்டை மாறும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்தப் பகுதியைப் படிக்கும்போது இரண்டும் ஒரே விஷயம் என்று யாரும் சொல்வதில்லை. சேர்க்கை பற்றிய நிரூபணங்கள் மாணவர்களுக்கு ஏன் பிடிபடுவதில்லை என்று வெகுநாளாக யோசித்துவந்த எனக்கு, விடையில் பாதி இங்கே இருப்பதாகப் படுகிறது. கணக்கிடுவது இழையிலிருந்து துணிக்குப் போகும் வேலை. நிரூபிப்பது துணியிலிருந்து இழைக்குத் திரும்பும் வேலை. நாம் முதலாவதை மட்டும் பழக்கிவிட்டு, தேர்வில் இரண்டாவதைக் கேட்கிறோம்.

தறியைக் கொஞ்சம் கிட்டே பார்ப்போம். பாவு இழை ஒவ்வொன்றும் ஒரு கண்ணிக்குள் நுழைந்து போகிறது. கண்ணியைத் தாங்கும் கயிறு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஒரு கொக்கியோடு கட்டப்பட்டிருக்கிறது. இழைகள் சில ஆயிரம். பெட்டியில் கொக்கிகளோ 120, 240 என்ற கணக்கில்தான். ஆகவே ஒரு கொக்கியிலிருந்து பல கயிறுகள் இறங்கி, அகலவாட்டில் ஒவ்வொரு புட்டாவிலும் அதே இடத்தில் நிற்கும் இழைகளுக்குப் போகின்றன. ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் கொக்கியோடு இணைந்த ஊசி உள்ளே போய்விடும், கொக்கி அதைத் தூக்கும் கத்தியில் மாட்டி மேலெழும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு, கொக்கி கத்தியை விட்டு விலகிக் கீழேயே நிற்கும். பிரான்சின் லியோன் நகரத்தில் 1804இல் ஜோசப் மாரி ஜக்கார்டு உருவாக்கிய ஏற்பாடு இது. இங்கிருந்து கணினிக்குத் தாவும் கதையை எல்லோரும் எழுதியாகிவிட்டது; நான் தறியிலேயே இருந்துகொள்கிறேன். தரைநெசவுக்கான விழுதுகளையும் கணக்கில் சேர்க்கவில்லை, புட்டா போடும் ஜக்கார்டு மட்டும் போதும்.

இங்கே மூன்று கணங்கள் இருக்கின்றன: இழைகள், கொக்கிகள், எழுச்சி வரிசைகள். எழுச்சி வரிசை என்பது முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை ‘எழு, நில், நில், எழு’ என்று போகும் பட்டியல். இழையிலிருந்து கொக்கிக்குப் போகும் சார்பைக் ‘கட்டு’ என்போம். ஒவ்வோர் இழைக்கும் ஒரே ஒரு கொக்கி, ஆகவே இது சார்புதான். கொக்கியிலிருந்து அதன் எழுச்சி வரிசைக்குப் போவது ‘அட்டை’. இரண்டையும் சேர்த்தால் இழைக்கு அதன் எழுச்சி வரிசை கிடைக்கிறது. துணியில் கண்ணுக்குத் தெரிவது இந்தச் சேர்க்கை மட்டுமே. நடுவில் இருக்கும் கொக்கிகள் துணியில் தெரிவதில்லை. சேர்க்கை பற்றிய தேற்றங்கள் எல்லாமே, தெரிவதை வைத்துத் தெரியாததைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்ற ஒரே கேள்விக்கான விடைகள்தாம்.

இந்தக் கேள்வி கணிதத்தில் எழவே நாளானது. ஆய்லர் 1748இல் சார்பு என்றபோது சூத்திரத்தைத்தான் நினைத்தார். சூத்திரம் இல்லாமலும் சார்பு இருக்கலாம் என்ற பொது நோக்கு டிரிஷ்லேயின் 1837ஆம் ஆண்டுக் கட்டுரையோடு வலுப்பட்டது. கணங்களுக்கு இடையே உள்ள தொடர்பாகவே சார்பை எடுத்துக்கொண்டு, சேர்க்கையை வரையறுத்து, அதன் பண்புகளை ஒவ்வொன்றாக நிறுவியவர் டெடிகிண்ட். எண்கள் என்றால் என்ன என்று கேட்டு அவர் 1888இல் வெளியிட்ட சிறுநூலில், இன்று நாம் ஒன்றுக்கொன்றானது என்று சொல்லும் சார்புகளை ‘ஒத்தவை’ என்று பெயரிட்டு, ஒத்தவை இரண்டின் சேர்க்கையும் ஒத்ததே என்று காட்டுகிறார். நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்திக்கு அங்கே தனி எண்ணிட்ட பத்தி.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஒன்றுக்கொன்றான சார்பு’ என்று கேட்டவுடன் தமிழ்க் காதுக்கு ஆளுக்கு ஆள் ஜோடி சேர்ந்து யாரும் மிஞ்சாத காட்சிதான் தோன்றும். ஆனால் அந்தச் சொல் அதைச் சொல்லவில்லை. இரண்டு உறுப்புகள் ஒரே நிழல் உருவில் போய் விழாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுபக்கம் எத்தனை பேர் மிஞ்சினாலும் சரி. யாரும் மிஞ்சாவிட்டால் அது மேல் சார்பு. இரண்டும் கூடினால் இருபுறச் சார்பு. ஆங்கிலத்திலும் இதே குழப்பம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பூர்பாக்கி குழுவினர் மூன்றுக்கும் மூன்று புதுச் சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்து தீர்த்தார்கள். நம்மிடம் குழப்பம் அப்படியே இருக்கிறது. போதாததற்கு இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கணத்துக்குத் ‘தொடை’ என்று பெயர். மேல் சார்பு அல்லாததை ‘உட்சார்பு’ என்று தனியே பெயரிட்டு மனப்பாடம் செய்ய வைப்பதையாவது நாம் கைவிடலாம். கணிதம் செய்கிறவர்கள் அந்தச் சொல்லைத் தேடுவதே இல்லை.

எழுதும் வரிசையும் மாணவரைத் தடுமாற வைக்கும். முதலில் ப, பிறகு ம என்று செயல்படும் சேர்க்கையை ம∘ப என்று திருப்பி எழுதுகிறோம், ஏனென்றால் ம(ப(க)) என்று உள்ளேயிருந்து வெளியே வருகிறது. தமிழ் அப்படிப் பேசுவதில்லை. ‘கண்ணனின் அப்பாவின் அம்மா’ என்கிறோம்: முதலில் ஆள், பிறகு முதல் சார்பு, பிறகு இரண்டாவது. வாக்கியமே இடமிருந்து வலமாகச் சேர்க்கை செய்கிறது. ஹெர்ஸ்டீன் 1964இல் எழுதிய புகழ்பெற்ற இயற்கணிதப் பாடநூலில் சார்பை உறுப்புக்கு வலப்புறம் எழுதினார்; தமிழ் மாணவருக்கு அது சொந்த ஊர் போல இருந்திருக்கும். வரிசையை மாற்றினால் பொருள் மாறும் என்பதையும் உறவுமுறை ஒரு நொடியில் காட்டிவிடும். அப்பாவின் அம்மா அப்பா வீட்டு ஆயா. அம்மாவின் அப்பாவோ வேறு வீட்டுத் தாத்தா. இதற்கு இரண்டு சூத்திரங்களைப் பெருக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

இனி நிரூபணங்கள். ப என்பது அ-விலிருந்து ஆ-வுக்கும், ம என்பது ஆ-விலிருந்து இ-க்கும் போகட்டும். ப, ம இரண்டும் ஒன்றுக்கொன்றானவை என்றால் ம∘ப-வும் அப்படியே. ம(ப(க)) = ம(ப(ச)) என்று கொள்க. ம ஒன்றுக்கொன்றானது, எனவே ப(க) = ப(ச). ப ஒன்றுக்கொன்றானது, எனவே க = ச. முடிந்தது. இரண்டும் மேல் சார்புகள் என்றால் சேர்க்கையும் மேல் சார்பு. இ-யில் ஏதேனும் ஓர் உறுப்பு ற-வை எடுத்துக்கொள்க. ம மேல் சார்பு, எனவே ம(ட) = ற ஆகும்படி ஆ-வில் ட உண்டு. ப மேல் சார்பு, எனவே ப(க) = ட ஆகும்படி அ-வில் க உண்டு. ஆகவே ம(ப(க)) = ற.

இரண்டு நிரூபணங்களும் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். இ-யில். முதலாவது இ-யில் கிடைத்த ஒரு சமத்துவத்தோடு, இரண்டாவது இ-யின் ஓர் உறுப்போடு. அங்கிருந்து ஆ-வுக்கு இறங்கி, பிறகு அ-வுக்கு வருகின்றன. கல்லூரியில் முதலாண்டில் நான் மேல் சார்பு நிரூபணத்தை ‘அ-வில் க என்ற உறுப்பை எடுத்துக்கொள்க, ப(க) ஆ-வில் உள்ளது, ம(ப(க)) இ-யில் உள்ளது, எனவே மேல் சார்பு’ என்று எழுதிக் கொடுத்தேன்; விடைத்தாள் முழுக்கச் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. நான் எழுதியது பொய்யில்லை. அது சார்பு என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தறியில் நூலைக் கட்டிவிட்டு, சேலை நன்றாக இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது அது. பின்னர் நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளிடமும் இதே தவறை வருஷந்தோறும் பார்த்தேன். எந்தச் சார்பைப் பற்றி நிரூபிக்கிறாயோ அதன் போய்ச்சேரும் முனையில் தொடங்கு என்று சொல்லிக்கொடுத்த பிறகு பாதிப் பிழை ஓய்ந்தது.

இதுவரை சொன்னது தனித்தனிச் சார்புகளிலிருந்து சேர்க்கைக்குப் போவது, எளிது. சுவை எதிர்த்திசையில்தான். சேர்க்கை மட்டும் கையில் இருக்கிறது, அது ஒன்றுக்கொன்றானது என்று தெரியும். ப, ம பற்றி என்ன சொல்லலாம்? ப-வைக் கட்டு என்றும் ம-வை அட்டை என்றும் கொண்டால் தறி உடனே விடை சொல்கிறது. இரண்டு இழைகள் ஒரே கொக்கியில் கட்டப்பட்டிருந்தால், எந்த அட்டையைப் போட்டாலும் அவை சேர்ந்தே எழும், சேர்ந்தே நிற்கும். அட்டை குத்துகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே எழுச்சி வரிசைகள் எல்லாம் வெவ்வேறாக இருந்தால், கட்டில் எந்த இரண்டு இழையும் ஒரு கொக்கியைப் பகிர்ந்திருக்க முடியாது. அதாவது, ம∘ப ஒன்றுக்கொன்றானது என்றால் ப ஒன்றுக்கொன்றானது. எழுத்தில்: ப(க) = ப(ச) என்க; இரண்டுக்கும் ம-வைச் செலுத்தினால் ம(ப(க)) = ம(ப(ச)); சேர்க்கை ஒன்றுக்கொன்றானது, எனவே க = ச. இது ப-வைப் பற்றிய நிரூபணம், ஆகையால் தொடக்கம் ப போய்ச்சேரும் ஆ-வில். விதி மாறவில்லை.

ம-வும் ஒன்றுக்கொன்றானதாக இருக்க வேண்டுமா? வேண்டாம். பெட்டியில் கயிறே கட்டாமல் சும்மா விட்ட கொக்கிகள் சில இருக்கும். அவற்றுக்கு நேரே அட்டைகளில் துளையே இல்லை என்று வைத்துக்கொண்டால் அவற்றின் எழுச்சி வரிசை எல்லாம் ஒன்றே, ‘நில், நில், நில்’. ஆகவே அட்டைச் சார்பு ஒன்றுக்கொன்றானது அல்ல. ஆனால் அந்தக் கொக்கிகளில் எந்த இழையும் தொங்கவில்லை. துணிக்கு அவை இருப்பதே தெரியாது. கல்லூரிப் பாடநூல்களில் எதிர்க்காட்டு என்று இரண்டு புள்ளியும் மூன்று புள்ளியும் போட்டு வரையும் அம்புக்குறிப் படம் இந்தச் சும்மா கொக்கிதான்.

மேல் சார்புக்கு நிலைமை தலைகீழ். சேர்க்கை மேல் சார்பு என்றால் ம மேல் சார்பு. ப-வைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒரே ஓர் ஊடையை எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச்சேரும் கணம் ‘எழு’, ‘நில்’ என்ற இரண்டு மட்டும். நாடா நுழைந்து ஊடை பின்ன வேண்டுமானால் சில இழைகள் எழவும் வேண்டும், சில நிற்கவும் வேண்டும். இரண்டும் நடந்தால் அந்த அட்டையில் துளையும் இருக்கிறது, துளையில்லா இடமும் இருக்கிறது. கட்டு எல்லாக் கொக்கிகளையும் பயன்படுத்துகிறதா என்றால், சும்மா கொக்கிகள் அங்கேயே நிற்கின்றன. ஒன்றுக்கொன்றான தன்மை முதல் சார்புக்குத் திரும்பி வருகிறது, மேல் சார்பாகும் தன்மை இரண்டாவதற்குத் திரும்பி வருகிறது. தேர்வுக்கு முந்தின இரவு இதை மாற்றி மாற்றி மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொக்கியை ஒருமுறை நினைத்துக்கொண்டால் மாறாது.

முடிவுறு கணங்களில் ஒரு சலுகை உண்டு. ஒரு பாவு தீர்ந்ததும் புதுப் பாவைக் கண்ணி கண்ணியாக மறுபடி கோப்பதில்லை. பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, விரலில் சாம்பல் தொட்டு, புது இழை ஒவ்வொன்றையும் பழைய இழை ஒன்றோடு முறுக்கிப் பிணைக்கிறார்கள். சில ஆயிரம் முறை இதே கை அசைவு. பிறகு மெல்ல இழுத்தால் புது இழைகள் பழையவற்றின் பின்னாலேயே கண்ணிகளுக்குள்ளும் அச்சுக்குள்ளும் வந்துவிடும். புது இழையிலிருந்து பழைய இழைக்குப் பிணைப்பு, அங்கிருந்து கொக்கிக்குப் பழைய கட்டு. பிணைப்பு இருபுறச் சார்பாக இருக்கும்வரை, அதை முன்னால் சேர்ப்பதால் எந்தக் கொக்கியில் எத்தனை இழை என்பது மாறாது. பல நாள் வேலையை மிச்சப்படுத்தும் தேற்றம். இரண்டு பாவிலும் எண்ணிக்கை சமமாக இருந்து, எல்லாப் புது இழையும் பிணைத்து முடித்த பிறகு பழைய பாவில் ஒன்று மிஞ்சினால், எங்கோ ஒரே பழைய இழையில் இரண்டு புது இழை ஏறியிருக்கிறது. தேடிப் பார்க்காமலே சொல்லலாம். அளவு சமமான முடிவுறு கணங்களில் ஒன்றுக்கொன்றான தன்மையும் மேல் சார்பாகும் தன்மையும் சேர்ந்தே இருக்கும், சேர்ந்தே போகும்.

முடிவிலிக்கு அந்தச் சலுகை கிடையாது. 1, 2, 3 என்று போகும் எண்களில் ப ஒவ்வோர் எண்ணையும் அடுத்த எண்ணுக்கு அனுப்பட்டும். ம ஒவ்வோர் எண்ணையும் முந்தைய எண்ணுக்கு அனுப்பட்டும், 1 மட்டும் 1-இலேயே நிற்கட்டும். ம∘ப எல்லா எண்ணையும் இருந்த இடத்திலேயே வைக்கும் சமனிச் சார்பு. ஆயினும் ப மேல் சார்பு அல்ல, ம ஒன்றுக்கொன்றானது அல்ல. வரிசையை மாற்றி ப∘ம என்று பார்த்தால் 1 போய் 2-இல் விழுகிறது. ‘சேர்க்கை சமனி என்றால் ஒன்று மற்றதன் நேர்மாறு’ என்று எழுதுவதற்கு முன் இந்த எடுத்துக்காட்டை ஒருமுறை நினைக்க வேண்டும். இரண்டு வரிசையிலும் சரிபார்க்கச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல.

பழைய சேலை ஒன்றைப் பார்த்து அதே வடிவத்துக்கு அட்டை குத்த வேண்டியிருந்தால்? கட்டு எப்படி என்று தெரியும், துணி கையில் இருக்கிறது. அட்டைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். சும்மா கொக்கி ஒன்றுகூட இல்லாவிட்டால் துணி அட்டையை முழுக்கத் தீர்மானித்துவிடும். ஒன்று இருந்தாலும் அதற்கு நேரே துளை போட்டதும் போடாததும் ஒரே துணியைத்தான் தரும். இதைக் கணிதத்தில் ப மேல் சார்பாக இருந்தால், இருந்தால் மட்டுமே, ம∘ப = ன∘ப என்பதிலிருந்து எப்போதும் ம = ன என்று வரும் எனச் சொல்வார்கள். ஐலன்பெர்க்கும் மக்லேனும் 1945இல் தொடங்கிவைத்த வகைக் கோட்பாடு இந்த வழியில்தான் போயிற்று: உறுப்புகளைப் பார்க்காமல், எதை இரு பக்கமும் அடித்துவிடலாம் என்பதை வைத்தே சார்பின் குணத்தைச் சொல்வது. துணியை மட்டும் பார்த்துத் தறியை அறிகிறவரின் வழி.

வடிவம் வரைகிறவர் கிராஃப் தாளில் முழுச் சேலையையும் வரைவதில்லை. ஒரு புட்டா போதும். சும்மா கொக்கிகள் நீங்கலாக ஒவ்வொரு கொக்கிக்கும் அதில் தொங்கும் இழைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். மேல் சார்புக்கு வலப்பக்க நேர்மாறு உண்டு என்பது இதுதான். 240 கொக்கிக்கு இதில் சிக்கலே இல்லை. எல்லையற்ற கணங்களில் எல்லா இடத்திலும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுக்க முடியும் என்பதை ஓர் அடிக்கோளாகவே வைக்க வேண்டியிருந்தது. செர்மெலோ 1904இல் அதை வெளிப்படையாகச் சொன்னபோது பெரிய சண்டை மூண்டது. ரஸல் சொன்ன உவமை பிரபலம்: எண்ணற்ற ஜோடிக் காலணிகளில் இடது காலணியை எடு என்று விதி சொல்லலாம், காலுறைகளில் எதை என்று சொல்வது?

இருபுறச் சார்பு என்ற சொல்லை இரண்டு அம்புக்குறியோடு முடித்துக்கொள்ளும் மாணவருக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆரணி அன்று இருந்த வட ஆற்காடு மாவட்டத்தின் தண்டரை கிராமத்தில் 1932இல் பிறந்தவர் எம்.எஸ். நரசிம்மன். அதே ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்தவர் சி.எஸ். சேஷாத்ரி. இருவரும் சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் ரசீனிடம் நவீனக் கணிதத்தைக் கேட்டு, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார்கள். 1965இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம், ரீமான் பரப்பின் மீதான நிலைத்த வெக்டர் கற்றைகளுக்கும், அந்தப் பரப்பின் அடிப்படைக் குலத்தின் ஒருவகை யூனிட்டரி உருவகிப்புகளுக்கும் இடையே ஓர் இருபுறப் பொருத்தத்தை நிறுவுகிறது. வடிவியல் ஒரு பக்கம், இயற்கணிதம் மறு பக்கம். ஒரே கற்றைக்குச் சமானமல்லாத இரண்டு உருவகிப்புகள் போவதில்லை என்பது ஒரு வேலை, எந்த நிலைத்த கற்றையும் விடுபடவில்லை என்பது இன்னொரு வேலை. பத்தாம் வகுப்பில் கேட்கும் அதே இரண்டு கேள்விகள்.

மறுமுனையில், நிரூபணங்களை வரிக்கு வரி சரிபார்க்கும் லீன் போன்ற மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றின் நூலகத்திலும் மேலே சொன்ன குட்டித் தேற்றங்கள் தனித்தனிப் பெயரோடு இருக்கின்றன, ஏனென்றால் பெரிய நிரூபணம் எதை எழுதினாலும் நாலு வரிக்கு ஒருமுறை அவற்றைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நம் பள்ளிப் பயிற்சிகளோ பெரும்பாலும் இரண்டு சூத்திரத்தைக் கொடுத்து இரண்டு வரிசையிலும் சேர்த்து எழுதச் சொல்பவை. அதில் தவறில்லை. ஆனால் அதில் நடுக் கணம் கண்ணில் படுவதே இல்லை: எல்லாமே மெய்யெண்கள், எங்கிருந்து எங்கே போகிறோம் என்று கேட்கத் தேவையே வராது.

நடுவைப் பார்க்க வைக்கும் ஒரு கணக்கை வகுப்பில் நான் கடைசியாகக் கொடுப்பேன். இப்போது மூன்று சார்புகள்: அ-விலிருந்து ஆ-வுக்கு ப, ஆ-விலிருந்து இ-க்கு ம, இ-யிலிருந்து ஈ-க்கு ன. ம∘ப இருபுறச் சார்பு, ன∘ம-வும் இருபுறச் சார்பு. மூன்றைப் பற்றித் தனித்தனியே எதுவும் தெரியாது. நடுவில் இருக்கும் ம-வில் தொடங்க வேண்டும். ம∘ப-வில் அது இரண்டாவது, எனவே ம மேல் சார்பு. ன∘ம-வில் அது முதலாவது, எனவே ம ஒன்றுக்கொன்றானது. ஆக ம-வுக்கு நேர்மாறு இருக்கிறது. அந்த நேர்மாறை ம∘ப-வுக்குப் பின்னால் வைத்தால் ப கிடைக்கிறது, ன∘ம-வுக்கு முன்னால் வைத்தால் ன கிடைக்கிறது. இருபுறச் சார்புகளின் சேர்க்கை இருபுறச் சார்பு, எனவே அவையும் இருபுறச் சார்புகளே.